இவருக்குப் பதில் இவர்

ஜூன் 2, திங்கள்

இன்று சேனல் அலுவலகத்தில் கூட்டம். ஏசி அறையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்ததில் எனக்குக் கிடைத்தவை ஒரு பாதாம் பால், ஒரு ஜலதோஷம், ஒரு எதிரி.

எதிரியை நிவேதா 'டூல்' என்கிறாள். நிவேதா சேனலின் கதைப் பிரிவுக்குத் தலைவி. என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். அவள் என்னை 'மேம்' என்று கூப்பிடுவதில் மரியாதை இருக்கும், அதைவிடக் கொஞ்சம் அதிகமாக இரக்கம் இருக்கும்.

"மேம், 'தங்கை அகல்யா'வுக்கு நீங்க இதுவரைக்கும் எழுதின வசனம் எல்லாத்தையும் ஏஐக்குக் கொடுத்துட்டோம். உங்க ஸ்டைல் அப்படியே வருது. டெஸ்ட்டா மூணு வாரம் அது எழுதட்டும். நீங்க கரெக்‌ஷன் மட்டும் பாருங்க."

"பார்த்தா?"

"அது கத்துக்கும் மேம்."

"அது கத்துக்கிட்டப்புறம் நான்?"

நிவேதா அழகாகச் சிரித்தாள். இயக்குநர் எட்வின் தன் பாதாம் பாலுக்குள் எதையோ தேடினார். சீரியல் தொடங்கிய நாளிலிருந்து ஒரே தட்டில் வடை பிய்த்துத் தின்றவர்கள் நாங்கள். மனிதர் தலையைத் தூக்கவே இல்லை.

மூன்று வாரம் முடிந்ததும் நான் வேண்டுமா வேண்டாமா என்று சொல்வார்களாம்.

சீரியலில் ஒரு நடிகை விலகிப்போனால் மறுநாள் வேறொருத்தி அதே புடவையில் வந்து நிற்பாள். திரையின் அடியில் 'இவருக்குப் பதில் இவர்' என்று ஒரு வரி ஓடும். அவ்வளவுதான். பெண்டாட்டியின் முகம் மாறியதைப் புருஷன் கவனிக்க மாட்டான், மாமியார் வழக்கம்போலக் காபி சரியில்லை என்பாள். வசனம் எழுதுகிறவளை மாற்றினால் அந்த ஒரு வரிகூடக் கிடையாது.

ஜூன் 3, செவ்வாய்

இவர் ரசம் வைத்தார். ஏஐயிடம் கேட்டு வைத்தாராம். ரசம் நன்றாகவே இருந்தது. அதுதான் எரிச்சல்.

என் கணவர் முரளிக்கு இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை. எந்தப் புதுப் பொருள் சந்தைக்கு வந்தாலும் அதன் சார்பில் வாதாடுவது பொழுதுபோக்கு.

"கால்குலேட்டர் வந்தப்போ கணக்கு வாத்தியாரெல்லாம் என்ன தெருவுக்கா வந்துட்டாங்க செம்பா?"

"கால்குலேட்டர் வாத்தியாரோட நோட்டையெல்லாம் தூக்கிட்டுப் போய்ப் படிக்கலைங்க. படிச்சிட்டு, 'நான் போடுற கணக்கைத் திருத்திக் குடு, அப்புறம் நீ கிளம்பு'ன்னு அவர்கிட்டயே சொல்லலை."

நல்ல பதில் என்று நானே நினைத்துக்கொண்டேன். இவர் ரசத்தை உறிஞ்சிவிட்டு நிதானமாகக் கேட்டார். "எங்க ஆபீஸ் தனபாலுக்குப் பார்வை கிடையாது. மாத்திரை அட்டையில என்ன போட்டிருக்குன்னு பக்கத்து வீட்டுல போய்க் கேட்டுட்டு நிப்பாரு. இப்ப போனைக் காட்டினா அது வாசிச்சுச் சொல்லுது. அதையும் வேணாம்னு சொல்லுவியா?"

தட்டைக் கழுவப் போய்விட்டேன். விவாதத்தில் தோற்கும் சமயத்துக்கென்றே வீட்டில் பாத்திரங்கள் கிடக்கின்றன.

ஜூன் 5, வியாழன்

டூல் எழுதிய காட்சிகள் வந்தன.

முதலில் கதை. பிற்காலத்தில் இந்த டைரியைத் திறந்து 'இந்தப் பைத்தியக்காரி என்ன வேலை பார்த்தாள்' என்று நானே கேட்கக்கூடும். அக்கா ராஜேஸ்வரி கொடுமைக்காரி. தங்கை அகல்யா நல்லவள். அப்பா இறந்தபோது, வெளியூரிலிருந்து அகல்யா வந்து சேர்வதற்குள் ராஜேஸ்வரி உடலை எடுக்கச் சொல்லிவிட்டாள். கடைசியாக ஒருமுறை முகம் பார்க்கக்கூட விடவில்லை. சீரியலில் மற்றதெல்லாம், விஷம் கலந்த பாயசம் உட்பட, இந்த ஒரு ஆணியில்தான் தொங்குகிறது.

கோவில்பட்டியில் எனக்கும் ஓர் அக்கா இருக்கிறாள். கோமதி. பேச்சுவார்த்தை இல்லை. அதற்கும் சீரியலுக்கும் சம்பந்தம் கிடையாது. ராஜேஸ்வரி தாலிச் சங்கிலியில் ஊக்கு கோத்து வைத்திருப்பாள், வாழைப்பழத்தை எண்ணித்தான் கொடுப்பாள், எதற்கெடுத்தாலும் 'நான் என்னத்தக் கண்டேன்' என்பாள். இப்படி ஊருக்கு நூறு பேர் இருப்பார்கள்.

டூலின் ராஜேஸ்வரியும் ஊக்கை நெருடிக்கொண்டே பேசினாள். 'நான் என்னத்தக் கண்டேன்' சரியான இடத்தில் விழுந்திருந்தது. என் பல் துலக்கும் பிரஷ்ஷை இன்னொருத்தி வாயில் பார்த்தது போலிருந்தது.

ஆனால் ஒரு கோளாறு கண்டுபிடித்தேன். எங்கள் தொழிலின் அஸ்திவாரமே கதவுக்குப் பின்னால் நின்று பாதி பேச்சைக் கேட்பதுதான். டூல் எழுதினால் கதவுக்குப் பின்னால் நிற்பவள் முழுப் பேச்சையும் கேட்கிறாள். கேட்டுவிட்டுக் கதவைத் தட்டுகிறாள். "உள்ளே வரலாமா? எனக்கு ஒரு சந்தேகம்" என்கிறாள். சந்தேகம் தீர்ந்து டீ குடிக்கிறார்கள்.

இப்படியே விட்டால் ஒரு வாரத்தில் குடும்பம் ஒற்றுமையாகி, நடிகர்கள் எல்லோரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். எல்லாவற்றையும் திருத்தினேன். கேட்டவளைப் பாதியில் தும்ம வைத்து ஓடவிட்டேன்.

ஜூன் 8, ஞாயிறு

வடபழனியில் எங்கள் சங்கத்தின் கண்டனக் கூட்டம். 'செயற்கை நுண்ணறிவால் எழுத்தாளர் வாழ்வு அழிகிறது' என்று உருக்கமான அழைப்பிதழ் வந்திருந்தது. நன்றாக எழுதியிருக்கிறீர்கள் என்று செயலாளரிடம் சொன்னேன். அவர் குரலைத் தாழ்த்தி, "நேரமில்லம்மா. அதுகிட்டயே கேட்டு வாங்கிட்டேன்" என்றார்.

ஒருவர் தடை வேண்டும் என்றார். இன்னொருவர், கம்ப்யூட்டர் வந்தபோதும் தடை கேட்டுத்தான் கொடி பிடித்தோம், இன்று சங்கத்திலேயே மூன்று கம்ப்யூட்டர் இருக்கிறது, ஒன்று மட்டும் வேலை செய்கிறது என்றார். மூன்றாமவர் மனித மனத்தின் ஆழத்தை இயந்திரம் தொடவே முடியாது என்று முழங்கினார். அவர் எழுதும் சீரியலில் போன மாதம் ஒரு பசு மாடு கோர்ட்டில் சாட்சி சொன்னது.

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. என்ன தீர்மானம் என்று தெரியவில்லை. பஜ்ஜி சூடாக இருந்தது.

ஜூன் 10, செவ்வாய்

பல் வலி. அதற்குப் பல் கிடையாது. அந்த வகையில் அது என்னைவிட மேல்.

ஜூன் 11, புதன்

ஒரு காரியம் செய்தேன். பெருமையாகத்தான் இருக்கிறது.

கையிருப்பில் எபிசோட் இல்லை. இன்று எடுப்பது நாளைக்கே ஒளிபரப்பாக வேண்டும். செட்டில் நடிகைகள் மேக்கப்போடு உட்கார்ந்திருப்பார்கள், காட்சி என் போனிலிருந்து எட்வின் போனுக்குப் போகும், உதவி இயக்குநர் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று வரிவரியாகப் படிப்பார், அவர்கள் திருப்பிச் சொல்லி அழுவார்கள். யாருக்கும் முழுக் காட்சியைப் படிக்க நேரமிருக்காது.

டூல் இன்று அனுப்பிய காட்சியில் ராஜேஸ்வரியும் அகல்யாவும் அப்பா படத்துக்கு முன்னால் சந்திக்கிறார்கள். வழக்கமாக அங்கே ஒரு அறை விழ வேண்டும். அகல்யா அறையவில்லை. "அக்கா, அன்னைக்கு அந்த வீட்டுல நீ ஒருத்தியா என்ன பாடுபட்டேன்னு நான் ஒருநாளும் உன்கிட்டக் கேட்டதே இல்லையே" என்கிறாள். ராஜேஸ்வரி அழுகிறாள். அகல்யா அவள் கையைப் பிடித்துக்கொள்கிறாள். காட்சி முடிந்தது. காட்சி மட்டுமா? ஆணியே கழன்றது.

ஒரு நிமிடத் திருத்தம். அந்த வரியை எடுத்துவிட்டு ஓர் அறையைப் போட்டால் போதும். போடவில்லை. 'ஓகே' என்று அனுப்பினேன், கட்டைவிரல் படமும் சேர்த்து. போகட்டும். ஒளிபரப்பாகட்டும். உங்கள் டூல் கதையை முடித்து வைத்துவிட்டது என்று ஊரே சிரிக்கட்டும். அப்புறம் தெரியும் செண்பகவல்லி வேண்டுமா வேண்டாமா என்று.

அந்த வரியை மட்டும் மூன்று தடவை படித்தேன். பல் வலியில் கவனம் நிற்கவில்லை, அதனால்தான்.

ஜூன் 12, வியாழன்

பல்லைப் பிடுங்கியாயிற்று. வாயில் பஞ்சோடு சோபாவில் உட்கார்ந்து எபிசோட் பார்த்தேன். ராஜேஸ்வரியாக நடிக்கும் புவனா அம்மா கிளிசரின் போடாமல் அழுதது தெரிந்தது. இவர் மூக்கை உறிஞ்சினார். "செம்பா, இது நீதானே எழுதினே?" என்றார். வாயில் பஞ்சு இருந்ததால் பதில் சொல்லவில்லை.

விளம்பரம் போட்டதும் போன் அடித்தது. அம்மா போனதற்குப் பிறகு அந்த எண்ணிலிருந்து வரும் முதல் அழைப்பு. அழித்துவிட்டதாக நினைத்திருந்தேன். 'கோமதி அக்கா' என்று பெயரோடு வந்தது.

"ஏட்டி, பாத்தேன்."

"ம்."

"என்னட்டி, பேச்சே வரலயா?"

"பல்லு புடுங்கிருக்கு."

"செரி, பேசாத." அவள் வீட்டு டிவி எனக்குக் கேட்டது. அதே விளம்பரம், அரை நொடி பிந்தி. "இத்தன வருசங்கழிச்சாவது கேட்டியே. அது போதும் எனக்கு. உப்புத் தண்ணி வச்சுக் கொப்புளி."

வைத்துவிட்டாள்.

அம்மா இறந்தது பல வருடங்களுக்கு முன், ஒரு மே மாதக் கத்திரி வெயிலில். நான் போய்ச் சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள். தெருவில் தண்ணீர் தெளித்துக் கழுவியிருந்தது, அதைத்தான் பார்த்தேன். அக்காவிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வாசலிலிருந்தே திரும்பி அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன்.

இதற்கும் சீரியலுக்கும் சம்பந்தம் இல்லை என்று மேலே எங்கோ எழுதியிருக்கிறேன். அடிக்க வேண்டாம், இருக்கட்டும்.

ஜூன் 13, வெள்ளி

சேனலில் பூகம்பம்.

"மேம், கதையே முடிஞ்சுபோச்சு! இனிமே அவங்க எதுக்குச் சண்டை போடுவாங்க? நீங்கதானே ஓகே போட்டீங்க?"

"பல் வலிம்மா. டூல் என் ஸ்டைல்ல எழுதுதுன்னு சொன்னீங்களே, நம்பிட்டேன்."

எட்வின் என்னை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார். "செம்பகம், வேணும்னே பண்ணினதுதானே?"

"நான் என்னத்தக் கண்டேன்" என்றேன்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நான் சொன்ன தொனி எனக்கே பழக்கமானதாக இருந்தது.

காலையில் அக்காவிடமிருந்து வாட்ஸப்பில் ரோஜாப்பூ வந்தது. பூவுக்கு நடுவில் 'இனிய காலை வணக்கம்', மேலே பறக்கும் புறா. நான் வெறுக்கும் வகை.

ஜூன் 15, ஞாயிறு

இன்று தாமரை. சேமித்து வைத்தேன்.

ஜூன் 17, செவ்வாய்

கழன்ற ஆணியை மறுபடி அடிக்கச் சொல்லி டூலைப் படுத்துகிறார்கள். ராஜேஸ்வரியை மறுபடியும் கொடுமைக்காரியாக்கு என்று நிவேதா கட்டளை கொடுத்தாளாம். ராஜேஸ்வரி பாயசத்தில் விஷத்தைக் கலந்தாள். கலந்துவிட்டு, "அகல்யா, நான் கொஞ்ச நாளாவே மனசளவுல சரியில்ல, யார்கிட்டயாவது பேசணும்" என்று பாயசத்தைக் கீழே ஊற்றிவிட்டாள். இன்னும் கொடூரமாக எழுது என்றதற்கு வீட்டைக் கொளுத்தினாள். கொளுத்தும் முன் எல்லோரையும் பத்திரமாக வெளியே அனுப்பியிருந்தாள்.

அரை நாள் படப்பிடிப்பு நின்றது. புவனா அம்மா செட்டில் கட்டிலிலேயே தூங்கிவிட்டார்.

நிவேதாவிடம் மெதுவாகக் கேட்டேன். "அந்த 'என்ன பாடுபட்டே'ங்கிற வரி, அது எங்கேருந்து எடுத்தது?"

"உங்க பழைய வசனத்துல இருந்துதான் மேம். எல்லாமே அதுல இருந்துதானே."

வீட்டுக்கு வந்து பழைய காட்சிகளைத் தேடிப் பார்த்தேன். அந்த வரி இல்லை. அதைப் போல ஒன்றும் இல்லை. அக்காவும் தங்கையும் எதிரெதிரே நிற்கும் காட்சிகள் நிறைய இருந்தன. எல்லாவற்றிலும் அகல்யா அறைந்துகொண்டிருந்தாள், அல்லது வெளியேறிக்கொண்டிருந்தாள். ஒன்றில்கூடக் கேட்கவில்லை.

ஜூன் 19, வியாழன்

ரேட்டிங் வந்தது. போன வார எபிசோட்தான் எங்கள் சரித்திரத்திலேயே உச்சம். ஊர் சிரிக்கவில்லை, அழுதிருக்கிறது. என் சதி இப்படி எனக்கே துரோகம் செய்யும் என்று எதிர்பார்க்கவில்லை.

சேனலில் கேக் வெட்டினார்கள். டூலுக்காக. அது தின்னாது என்பதால் நான் இரண்டு துண்டு எடுத்துக்கொண்டேன்.

பிறகு நிவேதா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கண்ணுக்கடியில் கருவளையம். "மேம், ஓப்பனா சொல்றேன். அழ வைக்க அதுக்குத் தெரியுது. சேர்த்து வைக்கத் தெரியுது. ஆனா கோபத்தை அடுத்த வாரம் வரைக்கும் வச்சிருக்கத் தெரியலை. அது உங்களுக்குத்தான் வரும்."

இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா என்று தெரியவில்லை.

விஷயம் இதுதான். திங்கட்கிழமைக்குள் ராஜேஸ்வரியைப் பழையபடி அரக்கியாக்க வேண்டும், முன்பைவிட மோசமாக. அப்பாவின் உடலை அவள் வேண்டுமென்றேதான் எடுக்கச் சொன்னாள், அழுததெல்லாம் நடிப்பு என்று திருப்ப வேண்டும். செய்தால் ஒரு வருடத்துக்கு ஒப்பந்தம், என் பெயர், என் எழுத்து. டூல் சுருக்கம் எழுதித் தரும், அவ்வளவுதான். செய்யாவிட்டால் இன்னொரு ஆள் பார்த்து வைத்திருக்கிறார்கள். நல்ல கோபக்காரராம்.

"எங்க அக்கா பார்ப்பா" என்றேன்.

"சூப்பர் மேம், குடும்பத்தோட பார்க்கணும்" என்றாள் நிவேதா.

ஜூன் 20, வெள்ளி

எழுத உட்கார்ந்தேன். 'ராஜேஸ்வரி (தனக்குள் சிரித்து): அழுதா நம்பிருவா என் தங்கச்சி.'

எளிதாக வந்தது. அதுதான் பயமாக இருந்தது. அழித்தேன்.

இவரிடம் கேட்டேன். "ஏஐகிட்டக் கேளு" என்றார். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வேணாம், உங்க அக்காகிட்டக் கேளு" என்றார். கல்யாணமானதிலிருந்து இவர் சொன்ன உருப்படியான வார்த்தைகளில் இது இரண்டாவது. முதலாவது நினைவில்லை.

ஜூன் 21, சனி

காலையில் மயில் படம் வந்த உடனே நானே கூப்பிட்டேன்.

"யக்கா, ஒன்னு சொல்லணும். சீரியல்ல ராஜேஸ்வரியைத் திரும்பக் கெட்டவளாக்கச் சொல்றாங்க."

"ஆக்கேன்."

"என்னக்கா, ஆக்கேன்ங்கிற?"

"அவ நல்லவளானதுல இருந்து பாக்கவே சகிக்கலட்டி. காப்பியக் குடிச்சுக் குடிச்சுச் சிரிக்கா. அது நாந்தான்னு இந்தத் தெரு பூராத் தெரியும். பால்காரன் என்னைய 'ராஜேஸ்வரிம்மா'ங்கான். காய்காரி எனக்குப் பயந்து எடை சரியாப் போடுவா. ஒரு வாரமா ஒருத்தரும் மதிக்க மாட்டேங்காங்க."

"உனக்குத் தெரியுமா? அது நீதான்னு?"

"ஊக்கு, வாழப்பழம், எல்லாத்தையும் போட்டுட்டு, தெரியுமாங்கா பாரு." குக்கர் விசில் அடித்தது, அது அடங்கும் வரை இருந்தாள். "சொத்துக்குச் சண்ட போட விடு. ஊருல எல்லாரும் அதுக்குத்தான போடுதாங்க. ஆனா அந்த ஒடம்ப எடுத்த கதைய மட்டும் இனித் தொடாத."

"தொடலக்கா." இங்கே நிறுத்தியிருக்கலாம். வேலையும் ஒருவேளை தப்பும், அக்காவும் கிடைத்தாள். வாய் நிற்கவில்லை. "இன்னொன்னு. அன்னைக்கு அகல்யா கேட்டாளே, நீ ஒருத்தியா என்ன பாடுபட்டேன்னு. அது நான் எழுதலக்கா. மிஷின் எழுதுச்சு. எனக்குப் பதிலா அதை வைக்கப் பாத்தாங்க. அது தப்பாப் பண்ணிருச்சுன்னு காட்டத்தான் அதை அப்படியே விட்டேன்."

அவள் குக்கரை இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது.

"செரிட்டி" என்றாள். "ஒனக்குப் பதிலா மிஷின் கேட்டுருச்சு. நீ எப்பக் கேக்கப் போற?"

ஜூன் 22, ஞாயிறு

கேட்டேன். நேற்றே, அந்த நிமிடமே.

இவர் எழுந்து ரசம் வைத்து, சாப்பிட்டு, என் தட்டை மூடி வைத்து, மத்தியானம் தூங்கியும் எழுந்தார். அதுவரை அக்கா பேசினாள். நான் நடுவில் தும்மவில்லை, வெளியேறவில்லை.

இன்று காட்சியை எழுதி அனுப்பிவிட்டேன். ராஜேஸ்வரி அரிசி ஆலையைத் தன் பெயருக்கு எழுதி வாங்குகிறாள். எடுத்த கதை அதில் இல்லை. எட்வின் உடனே கூப்பிட்டார். "செம்பகம், பிரமாதம். சேனல் கேட்டது அது இல்லையே?" என்றார். அது முடிந்துபோன கதை என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, நிவேதாவிடம் தான் பேசிக்கொள்வதாகச் சொன்னார். பாதாம் பாலிலிருந்து ஒருவழியாகத் தலையைத் தூக்கிவிட்டார். நாளைக்கு எனக்கு வேலை இருக்கிறதா என்று நாளைக்குத் தெரியும்.

அக்கா சொன்னதை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் ஏதாவது ஒரு வியாழக்கிழமை கதை கிடைக்காமல் நானே வந்து திருடுவேன், எனக்கு என்னைத் தெரியும். அப்புறம் அதை டூல் படிக்கும்.

வியாழக்கிழமை கோவில்பட்டிக்கு டிக்கெட் போட்டிருக்கிறது. இன்று வந்தது கிளி. பதிலுக்கு நானும் ஒரு சூரியகாந்தி அனுப்பினேன்.